ஆமென் சொல்ல ஒரு ஆள்

தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இந்திய வம்சாவளியினர் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். வட்டுகோலாவிலிருந்து தவுவா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு கிழவர்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நீயும் மகனோட ஆக்லாந்து போயிட்டா, சர்ச்சுல என் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல ஆளில்ல."

"இருக்கிற புள்ளைங்க சொல்லுமேண்ணே."

"அதுங்களுக்கு ஹிந்திதான் தெரியும். நான் எங்க நிறுத்தினாலும் முடிஞ்சுதுன்னு நெனச்சு ஆமென் சொல்லிடுதுங்க."

"கர்த்தருக்குப் புரியும்ணே."

"போன ஞாயித்துக்கிழமை, 'கர்த்தாவே, எங்களைக் கைவிட்டுட்டீரோ'ன்னு ஆரம்பிச்சேன். நீர் கைவிட மாட்டீர்னு முடிக்கணும். நடுவுல மூச்சு வாங்க நிறுத்தினேன். எல்லாரும் ஆமென்னுட்டாங்க."

"அப்புறம் முடிச்சீங்களா?"

"இல்ல. நானும் ஆமென்னுட்டு உக்காந்துட்டேன்."