பள்ளத்துக்கு முதுகு காட்டிய ஆண்டெனா

டீ ஆறிடுச்சுன்னா பரவால்லைங்க சார், எனக்குச் சூடா குடிச்சுப் பழக்கமில்ல.

பறக்குற ட்ரோனை எல்லாரும் பாப்பாங்க. கீழ முக்காலி மேல நிக்கிற ஆண்டெனாவை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நான் செய்யறது அதைத்தான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துல ஒரு பலகை. அதோட முகம் ட்ரோன் பக்கம் இருந்தா, ட்ரோன் மேலருந்து எடுக்கற படம் கீழ நம்ம திரைக்கு வரும், முதுகைக் காட்டினா வராது. இண்டூர்ல ஷெட் புடிச்சு மூணு வருசம் இதுக்கே மாரடிச்சேன்.

சிவக்குமாரு என் கூட்டாளி. சோதிச்சு அறிக்கை எழுதறது அவன் வேலை. மலை மறைச்சா படம் அறுந்துபோவுது, இந்த ஆண்டெனா லாயக்கில்லன்னு எழுதிட்டான். மறுநாள் அதை, ஆண்டெனாவை வாங்கறதா இருந்த கம்பெனிக்கு அனுப்பணும். நேர்ல வந்து பார்றான்னு வத்தல்மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாறை ஓரத்துல பேச்சு முத்திப்போச்சு. கால் வழுக்கிப் பள்ளத்துல விழுந்தான். நான் தள்ளலைங்க. கை நீட்டியிருக்கலாம், நீட்டல.

கீழ வந்து, அவன் தனியா மலையேறுனான், எந்தப் பக்கம்னு தெரியலன்னுட்டேன். மறுநாள் தேட ஆரம்பிச்சாங்க. சுத்துவட்டாரத்துல ட்ரோன் உன்கிட்டதான் இருக்கு, நீயே தேடிக் குடுன்னாங்க. மாட்டேன்னா சந்தேகம் வரும் இல்லைங்களா.

அவன் சம்சாரம் மலர்விழி என் பக்கத்துலயே உக்காந்துட்டா. திரையை விட என் கையைத்தான் அதிகம் பாத்தா. எரிச்சலா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. நாம போட்டுக் குடுத்த பாதையில ட்ரோன் தானா சுத்தும். அந்தப் பள்ளத்துக்கு மேல போறப்பல்லாம் பலகையை நைசா இண்டூர் பக்கம் திருப்பிடுவேன். படம் போயிடும்.

"அதே எடத்துல மட்டும் ஏங்கண்ணா போவுது?"ன்னா.

மலை மறைக்குது தங்கச்சி, உன் வூட்டுக்காரரே அப்படித்தான் எழுதியிருக்காருன்னேன். திரும்பவும் என் கையைப் பாக்க ஆரம்பிச்சா.

தேட வந்த மலைக்காரங்கள்ல தீர்த்தன்னு ஒருத்தர். இவருக்கு என்ன தெரியப்போவுதுன்னு அவர் கண்ணு முன்னாடியே பலகையைத் திருப்பினேன். அங்கதான் ஏமாந்தேன். மூணாம் நாள் என் பின்னாடி வந்து நின்னாரு.

"எங்க வூட்டு டிஷ்ஷை ஆடு இடிச்சா படம் இப்படித்தாங்க போவும். நீங்க எதுக்குங்க திருப்புறீங்க?"

சொல்லிட்டு அவரே பலகையைப் புடிச்சுப் பள்ளத்துப் பக்கம் திருப்பிட்டாரு. திரையில சிவக்குமாரு கெடந்தான், அசையல. மலர்விழி அழல. என்னையே பாத்துட்டு இருந்தா.

தேட ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் வரைக்கும் அவனுக்கு உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னதா சொல்றீங்க. தெரியுங்க சார். அன்னைக்கு மலர்விழி தண்ணி குடிக்க எழுந்து போனப்ப, ஒருதரம் பலகையைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிப் பாத்தேன். சட்டையைக் கழட்டி ட்ரோனைப் பாத்து ஆட்டிட்டு இருந்தான். வாய் அசையறதுகூடத் தெரிஞ்சுது. நடுவுல அத்தாம் பெரிய மலை, ஆனா படம் ஒரு எடத்துல அறுபடல. அந்தப் படத்தை மட்டும் சிவக்குமாரு பாத்திருந்தான்னா, அறிக்கையை அவனே மாத்தி எழுதியிருப்பான்.