துரும்பைக் கிள்ளாதவன்

கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம் இருந்தால் எனக்குப் போதும், ஐயா. பேராசைக்காரன் இல்லை நான். நேமத்தான்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாயக்கண்ணன் அடுத்தவன் வரப்பில் அரைச்சாண் வெட்டினான் என்று ஒருவன் சொல்லமாட்டான்.

எனக்கிருந்த நிலம் ஒரே ஒரு கிணற்றுக்காடு. தாத்தன் பாறையை உடைத்து வெட்டிய கிணறு, கோடையிலும் வற்றாது.

என் பெண்சாதி ஒச்சம்மாளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆத்தங்குடியில் எனக்கு வேறொருத்தி இருந்தாள், அதை மறைப்பானேன். தீர்த்துக்கொள்வதில் எங்கள் சனத்தில் வெட்கம் கிடையாது. ஊர் அம்பலகாரர் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் முடிந்தது. ஆனால் கிள்ளுகிற கைக்குத்தான் நஷ்டம். புருஷன் கிள்ளினால் காட்டில் பாதி பெண்சாதிக்கு. அவள் கிள்ளினால் பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டிய சேலையோடு அப்பன் வீட்டுக்குப் போகவேண்டும். பாதிக் கிணற்றை வைத்துக்கொண்டு ஒரு சம்சாரி என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள்.

அடித்துப் பார்த்தேன். பட்டினி போட்டுப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"வேணுமின்னா நீகளே கிள்ளிப் போடுங்க. காளியாயிய விட்டுட்டு நான் எங்குட்டும் போகமாட்டேன்," என்றாள்.

காளியாயி எங்கள் மகள், ஐந்து வயது. அப்பொழுதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கன்று இருக்கும்வரை பசு தொழுவை விட்டு நகராது.

உச்சிவேளையில் காளியாயிதான் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாள். கிணற்றுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடந்தது, உளுத்துப்போனது. அதில் ஏறாமல் சுற்றித்தான் வரவேண்டும் என்று ஒச்சம்மாள் சொல்லி வைத்திருந்தாள். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கும். அன்றைக்கு நான் கமலை மாடுகளை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் கலயத்தோடு வந்து நின்றாள்.

"பலகை மேலயே வாத்தா. அப்புக்குப் பசிக்குது," என்றேன்.

என் சொல்லையும் கேட்டது.

நான் தள்ளவில்லை, தொடவே இல்லை. மாட்டை நிறுத்தாமல் ஓட்டினேன், அவ்வளவுதான். கமலை உருளைச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை என்று ஊரில் சொன்னேன். விழுந்தது, ஐயா. இன்னும் விழுகிறது.

இனி அவளே கிள்ளிவிடுவாள் என்று காத்திருந்தேன். பாவி, அவள் போகவில்லை. உச்சிவேளையானால் கஞ்சிக் கலயத்தோடு கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தாள். அம்பலகாரர் கூப்பிட்டுக் கேட்டார்.

"எம்பிள்ள கெடந்த கெணத்த விட்டுட்டு நான் எங்குட்டுப் போவேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எம்மக எம்பேச்சத் தட்டமாட்டா. யாரோ கூப்பிட்டிருக்காக."

அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் எதிரே ஈரப் பாவாடையோடு நிற்கிறது. "வரவா அப்பு?" என்று கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. நேற்று கிணற்று மேட்டில் ஒச்சம்மாளிடம் சொல்லிவிட்டேன், நான்தான் கூப்பிட்டேன் என்று. அவள் அழவில்லை. கலயத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்க. அதுக்குத்தானே கொண்டாந்தா," என்றாள்.

கேட்டுவிட்டு அங்கே உட்கார முடியவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டேன்.

தூக்கில் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. துரும்பை நான் கிள்ளவில்லை. காடு முழுவதும் இன்னும் எனக்குத்தான்.