நீச்சல் தொட்டிக்குப் போட்ட படி

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொப்பலாக நனைந்திருந்தார். மழையே இல்லை.

"நான் போட்ட படிய நானே பேத்துட்டேன்" என்றார் அவர்.

"இன்னாத்துக்குபா?"

"அந்த பங்களா தோட்டத்துல, தரையத் தோண்டாம மார் ஒசரத்துக்கு ஒரு நீச்சல் தொட்டி வெச்சுக்கீறாங்க இல்ல? அத்த சுத்தி தேக்குல மேடையும், ஏறதுக்குப் படியும் போட்டேன். தடுப்பும் ஒரு சின்ன கேட்டும் வெக்கணும் சார்னு தலையால அட்ச்சிக்கினேன். பாக்க அசிங்கமா இருக்கும், வேணாம்னுட்டாரு பங்களா ஓனரு."

"அப்பால?"

"இன்னிக்கு வாட்ச்மேன் கொழந்த, மூணு வயசு, படியேறிப் போய் தண்ணில வுழுந்துச்சு. உளிய அப்டியே போட்டுட்டு குதிச்சேன்."

"ஐயோ! கொழந்த?"

"தண்ணிய கக்கிட்டு அழுதுச்சு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. அந்த ஓனரு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? 'மரத்தூளோட எறங்கிட்டியே, தண்ணி பூரா மாத்தணுமே'ன்றாரு! கொழந்த எப்டி கீதுன்னு ஒரு வார்த்த கேக்கல நைனா."

"நீ இன்னா சொன்னே?"

"வாயத் தொறந்தா கெட்ட வார்த்தையா வரும். படிய பேத்து பட்டறைக்கு அனுப்ச்சுட்டேன். நாளைக்கே வந்து திரும்ப மாட்டுன்னு கத்தறாரு."

"போவியா?"

"போவேன். தடுப்புக்கு மரம் எடுத்துக்கினு போவேன். அத்த சுத்தி அட்ச்சு முடிச்சாதான் படி."