யாராவது விழித்திருக்க வேண்டும்

மத்தியானத்துக்கு மேல் நான் காபி தொடுவதில்லை, மேடம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அதுவே எனக்குப் பெரிய உதவி.

காபியை விடச் சொன்னது தூக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். படுக்கையில் போனைத் தொடாதீர்கள் என்றார். எனக்குப் போன் செய்ய யார் இருக்கிறார்கள்? பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன். ஜெபமாலையை மூன்று சுற்று முடித்துவிட்டு, பொம்மனஹள்ளி சிக்னலில் லாரிகள் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஆறு வருடம்.

அதற்கு முன் நான் நன்றாகத் தூங்கினவள். என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்குக் கோலார் தங்கவயலில் வேலை, எப்போதும் ராத்திரி ஷிஃப்டே கேட்டு வாங்குவார். சுரங்கத்தை மூடி நாங்கள் இங்கே வந்த பிறகும் ஒரு அபார்ட்மென்டில் ராத்திரி வாட்ச்மேன். அவர் எங்கேயோ முழித்துக்கொண்டிருக்கிறார் என்கிற நினைப்பு போதும், படுத்ததும் தூங்கிவிடுவேன். அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து, எனக்காக முழித்திருக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

காரணம் இதுதான் என்று கில்பர்ட் வந்த பிறகே எனக்குப் புரிந்தது. முப்பது வயது, எங்கள் தங்கவயல்காரன், கம்பெனி ஆட்களை வீடு வீடாக ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவன். விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். முன்னறையை வாடகைக்குக் கொடுத்தேன், நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வந்த வாரமே அவனுக்குப் பல்வலி. ராத்திரி முழுக்க முனகிக்கொண்டு நடந்தான். நான் காலை ஏழு மணி வரை தூங்கினேன். மறுநாள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் தூங்கினான். என் தூக்கம் போயிற்று.

அதற்குப் பிறகுதான் கூப்பிட ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை.

"கில்பர்ட்டு, தாப்பா போட்டியாப்பா?"

"போட்டாச்சு ஆன்ட்டி."

இரண்டு மணிக்கு இன்னொரு தடவை. "காஸ் வாடை வருது, கொஞ்சம் பாரேன்."

எழுந்து போய்ப் பார்ப்பான். அப்புறம் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. புரளுவான், தண்ணீர் குடிப்பான், பெருமூச்சு விடுவான். அது காதில் விழுந்ததும் எனக்குக் கண் சொருகும்.

"இன்னா ஆன்ட்டி, மைன்ஸ்ல தங்கம் எடுத்தாந்து கட்டிலுக்கு அடியில வச்சிருக்கியா? இப்படி பயப்படுறியே," என்று சாயங்காலத்தில் கிண்டல் செய்வான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மறுநாளைக்கு நான் சப்பாத்தி கட்டி வைப்பேன். எட்டு மாதம் அப்படி இருந்தோம். அவன் கன்னம் ஒட்டிப்போனது எனக்குத் தெரியும். வேனைக் காம்பவுண்டு சுவரில் இடித்ததையும் அவனே சொன்னான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் பையோடு நின்றான்.

"ஆன்ட்டி, நாளைக்கு லீவு சொல்லிட்டேன். கண்ணெல்லாம் எரியுது. அம்மா வூட்ல ரெண்டு நாள் தூங்கிட்டு வந்துடுறேன்."

அவன் போனால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் இல்லை. அதை மட்டும்தான் யோசித்தேன்.

"எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குப்பா. நீயும் போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றேன். என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை.

பையை இறக்கி வைத்தான். லீவையும் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். அன்று நான்கு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவையும் எழுந்து வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தான். அவன் எப்போது வண்டியை எடுத்தான் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவு நல்ல தூக்கம்.

நின்றுகொண்டிருந்த லாரியை அவன் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கிவிட்டான் என்று எழுதுங்கள். அவனும், வேனில் முதலில் ஏறின ஷில்பா என்கிற பெண்ணும் செத்தது என்னால்தான். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவனை நான் பெற்ற பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தேன், அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போடணும்? வாசலில் நிற்கிற அந்தப் பெண் போலீசுக்குத்தான் இன்றைக்கு ராத்திரி எனக்குக் காவல் டியூட்டியா? பாவம், இப்போதே கொட்டாவி விடுகிறாள். நீங்கள் கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள், மேடம். அவள் கண் அசந்தால் நான் கூப்பிட்டுக்கொள்கிறேன்.