முன்னுக்கு நிக்கிற ஆள்

— லவன் என்ரை மந்திரவாதியைப் பாழாக்கிப்போட்டான் அக்கா. இனிப் பறக்கேலாதாம். ரெண்டு வருசமா வளர்த்த ஆள்.

— பொறு பென். ரயில் ஆடுது, முதல் கம்பியைப் பிடி.

— ஒரு கிழமையா இருந்து விளையாட்டில எங்கடை ஆக்களைப் பழைய விதியில இருந்து புது விதிப் புத்தகத்துக்கு மாத்தினவனாம். புதுசில எல்லாருக்கும் ஒரே அளவு பலம். என்ரை மந்திரவாதிக்கும் அவ்வளவுதான், வாள் பிடிக்கிற உன்ரை ஆளுக்கும் அவ்வளவுதான். லொஜிக்கே இல்லை.

— சனிக்கிழமையில மேசையைச் சுத்தி இருக்கிறம். லவன் கதை சொல்லுறான், நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில தாயக்கட்டை உருட்டுறம். அதுக்கு ஏன் உனக்கு இவ்வளவு கோவம்?

— வேஷம் எண்டு லேசாச் சொல்லாதை. உதைபந்தாட்ட உலகக்கிண்ணக் கோடையில தொடங்கினது. ஊர் முழுக்கக் கொடியோட றோட்டில நிக்க, நாங்கள் லவன் வீட்டு நிலவறையில இருந்தனாங்கள். அப்ப என்ரை ஆளுக்கு ஒரேயொரு மந்திரம்தான். அதைச் சொல்லி முடிச்சால் பிறகு சும்மா. எலி கடிச்சாலும் செத்துப்போவான்.

— எலி கடிக்காமல் ஆர் பாத்தது?

— நீதான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை.

— பாலத்தில அந்தப் பூதங்கள் வரேக்கை நீ எங்கை நிண்டனி?

— உன்ரை முதுகுக்குப் பின்னால. பழைய விதி அப்பிடித்தானே அக்கா. தொடக்கத்தில வாள்காரிக்குப் பலம், கடைசியில மந்திரவாதிக்குப் பலம். முழுக் கதையையும் சேர்த்துப் பாத்தால் சரிசமன். நான் பொறுத்திருந்து வளந்தனான். இப்ப என்ரை முறை வரேக்கை விதியை மாத்துறது ஞாயமே?

— முழுக் கதையும் எண்டுறாய். எல்லாரும் கடைசி மட்டும் இருந்தால்தானே அது சரிசமன். டக்ளஸ் ஏன் இப்ப வாறேல்லை?

— அவனுக்கு வேலை.

— வேலை இல்லை. அவன் கள்ளனா விளையாடினவன். பூட்டுத் திறக்கிறது ஒண்டுதான் அவன்ரை கெட்டித்தனம். நீ ஒரு மந்திரத்தில எல்லாக் கதவையும் திறக்கத் தொடங்கினாப் பிறகு அவன் சிப்ஸ் திண்டுகொண்டு இருந்தான். பிறகு அதுக்கும் வரேல்லை.

— நான் எல்லாருக்கும் உதவிதானே செய்தனான்.

— போன கிழமை கோட்டைச் சண்டையில நான் என்ன செய்தனான், சொல்லு பாப்பம்.

— நீ... குதிரையளோட நிண்டனி.

— கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீ மேல பறந்து எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு இறங்கி வந்து, 'அக்கா, வெளிக்கிடுவம்' எண்டனி.

— அப்ப நீ ஒண்டும் சொல்லேல்லையே.

— உனக்குச் சொல்லேல்லை. லவனுக்குச் சொன்னனான். விதியை மாத்தச் சொல்லிக் கேட்டது நான்தான்.

— நீயோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

— சொன்னால் நீ லொஜிக் கதைப்பாய். நீ கதைச்சால் நான் ஓம் எண்டுடுவன். என்னை எனக்குத் தெரியும்.

— சரி. பறக்கிறதை விடுறன். உன்ரை வாள்காரிக்குப் புதுசா என்ன கிடைச்சிருக்கு?

— வாள்காரியை விட்டிட்டன். விதி மாறேக்கை விருப்பமெண்டால் ஆளையும் மாத்தலாம் எண்டவன் லவன். 'யூலியா, வடிவா யோசிச்சியோ' எண்டு ரெண்டு தரம் கேட்டவன். நான் மந்திரவாதி எடுத்திருக்கிறன்.

— அப்ப முன்னுக்கு ஆர் நிக்கிறது?

— பொறு. லவன் வீட்டுக்குப் போகமுன்னம் உன்னோட வேறை ஒண்டு கதைக்கோணும். அம்மாவுக்குக் கிட்னி வருத்தம் வந்த நேரம் நானும் உன்னை மாதிரி கிம்னாசியப் பள்ளிக்கூடத்திலதான் படிச்சனான். நினைவிருக்கோ?

— இருக்கு. பத்தாம் வகுப்போட விட்டிட்டுப் பல் டொக்டரிட்டை வேலை பழகப் போனனி. உனக்கு அதுதான் விருப்பமெண்டு அப்பா சொன்னவர்.

— அப்பா சொன்னவர். அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு ஆராவது போகோணும். அங்கை ஜேர்மன் பாஷையில கதைக்கோணும். அப்பாவுக்கு ஷிஃப்ட், நீ சின்னன். அதால நான் நிண்டனான். நிண்டதில எனக்குக் கவலை இல்லையடா.

— நான் படிச்சு முடிச்சு வந்து எல்லாம் பாக்கிறன் எண்டு சொன்னனான்தானே. ஆகன் யூனிவர்சிற்றியில அஞ்சு வருசம். அதுக்குப் பிறகு நீ ஒண்டுக்கும் ஓடத் தேவையில்லை.

— அஞ்சு வருசத்தால நான் என்ன செய்யிறது, பென்? அப்ப எனக்குப் படிக்க மனம் இருக்குமோ தெரியாது. இப்ப இருக்கு. பீலபெல்டில வளந்த ஆக்கள் பகலில படிச்சு, யூனிவர்சிற்றிக்குப் போக அபிட்டூர் சோதினை எடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்டு கிடக்கு. தங்க விடுதியும் இருக்கு. எனக்கு இடம் தந்திட்டினம். ஓகஸ்டில தொடங்குது.

— அப்பாவுக்குத் தெரியுமோ?

— நேற்றுச் சொன்னனான். சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு இருந்தவர். ஒண்டைக் கழட்டிப்போட்டு மற்றதோட அப்பிடியே இருந்தார். பிறகு, 'தம்பியும் போறானே, அப்ப அம்மா?' எண்டு கேட்டவர்.

— நான் ஆகனில அறையும் பாத்திட்டன் அக்கா.

— தெரியும். இஞ்சை வுப்பர்டாலில இருந்தும் பௌதிகம் படிக்கலாம், அதுவும் உனக்குத் தெரியும். உன்னைப் போகாதை எண்டு நான் சொல்லேல்லை. நான் போறன் எண்டு மட்டும்தான் சொல்லுறன்.

— இறங்கிற இடம் வரப்போகுது.

— ஓம். ஏதாவது கதையன் பென். கோவமெண்டாலும் சொல்லு.

— கோவமில்லை.

— அப்ப என்ன?

— ஆஸ்பத்திரியில அம்மாவை எந்த வாசலால கூட்டிக்கொண்டு போறனி?