மாற்று வேட்பாளர்

நீலா: …இல்ல, முழுசா பாரு. அதுக்குள்ள செல்போன கீய வைக்காத.

செங்கொடி: பாத்துகினுதானே கீறேன். இன்னாமே இது, கல்யாண மண்டபமா?

நீலா: அமெரிக்கா பார்லிமெண்டு. எங்க அத்த மவன் அனுப்சான். தோ, இந்தப் பொம்பள கையில குரான். அந்தாளு கையில பகவத் கீத. ஊரு பூரா கிறிஸ்துவங்க. ஆனா சட்டம் போடுற எடத்துல எல்லா சாமியும் ஒக்காந்துகினு கீது.

செங்கொடி: எல்லா சாமியுமா? எத்தினி பேரு?

நீலா: ஐந்நூத்து சொச்சத்துல இந்து நாலு, முஸ்லிம் நாலு. உங்க புத்தரு ஆளுங்க மூணு.

செங்கொடி: மூணா! அடிங்க… வியாசர்பாடில எங்க மாடிப்படில மட்டும் முப்பது பேரு கீறோமே. இத்த காட்டவா புடிச்சி ஒக்கார வெச்ச?

நீலா: சிரிக்காத. கொஞ்சம் பேருதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒருத்தரயும் ஞாயித்துக்கெயம எங்க போனேன்னு கேட்டு வெளிய தள்ளல. என்ன தள்ளிட்டானுங்க.

செங்கொடி: …தெரியும்மே. முந்தாநேத்துலேர்ந்து எனக்கு சோறே எறங்கல.

நீலா: அந்த எலெக்சன் ஆபீசரு கேக்குறான், "நீங்க நீலாவா, கிறிஸ்டினாவா?" ரெண்டும் நான்தான் சார்ன்னேன். "இது எஸ்.சி. பொம்பளைங்களுக்கு ஒதுக்குன வார்டும்மா. கிறிஸ்துவத்துக்கு மாறிட்டா எஸ்.சி. கெடயாது. மனு தள்ளுபடி." அவ்ளோதான். அடுத்த பைல எடுத்துட்டான்.

செங்கொடி: அவன் கெடக்குறான்! நானும் நீயும் ஒரே ஹவுசிங் போர்டுல பொறந்தோம். ஒரே தண்ணி லாரி பின்னாடி கொடத்த தூக்கிகினு ஓடுனோம். கக்கூஸ் கயுவணும்னா கிளாஸ்ல நம்ம ரெண்டு பேரத்தான் அந்த டீச்சர் எயுப்புவா. நான் புத்தர் விகாருக்கு போனா எஸ்.சி. நீ சர்ச்சு பூசைக்கு போனா இல்லியா? இன்னா நாயம்மே இது?

நீலா: தலயில தண்ணி ஊத்துனா சாதி போயிடுதாம். போச்சா? எம்புருசன் பாஸ்கல் ஊரு கல்லறையில கூட நம்மாளுங்களுக்கு தனி செவுரு வெச்சிக்கீறானுங்க.

செங்கொடி: அத்த உடு. ஞானஸ்நான சர்டிபிகேட்ட மொட்டக் கடுதாசியோட அனுப்சவன் எவன்? அத்த சொல்லு மொதல்ல. பல்ல பேத்து கையில குடுக்குறேன்.

நீலா: யாரோ… இப்ப இன்னாத்துக்கு அது?

செங்கொடி: இன்னாத்துக்கா? பதினெட்டு வருசம் கட்சிக்கு கொடி புடிச்சிக்கீற. லாரி ஓனரு தங்கப்பாண்டியோட பவர் பிளாண்ட் சாம்பல் லாரி ஸ்கூல் தெருவுல வரக்கூடாதுன்னு நடுரோட்ல படுத்தவ நீ. லாரி நின்னு நாலு மாசம் புள்ளைங்க நல்லா மூச்சு உட்டுதுங்க. பாஸ்கலா? அந்தாளுக்குத்தான் நீ ஃபாரத்துல இந்துன்னு போட்டது புடிக்கலியே?

நீலா: ஏய்! அவர இதுல இயுக்காத. அவரும்தான் ரெண்டு நாளா பட்டினி.

செங்கொடி: அப்ப தங்கப்பாண்டிதான். பொண்டாட்டி கெலிக்கணும்னு…

நீலா: அவனும் இல்ல. உடுன்றேன்ல! நீ கெலிக்கிற வயிய பாரு. மாற்று வேட்பாளர்னு உன் மனு எதுக்கு போட்டோம்? என்னுது போனா சின்னம் தானா உனுக்கு. எதிர அவன் பொண்டாட்டி ஒருத்திதான், ஒரு சுயேச்சை கூட கெடயாது. ஸ்கூல் தெரு பொம்பளைங்க மொத்தமும் நம்ம பக்கம்.

செங்கொடி: …அத்த அப்பறம் பேசலாம்.

நீலா: இன்னா அப்பறம்? வாபஸ் வாங்குற கெடு மூணு மணியோட முடிஞ்சிது. நாலு மணிக்கு சின்னம் குடுக்குறாங்க. எயுந்துரு, வேற பொடவ தரேன்.

செங்கொடி: டபாய்க்காத நீலா. உனக்கு தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. யாரு? சொல்லுமே!

நீலா: நான்தான்.

செங்கொடி: இன்னா?

நீலா: அந்த சர்டிபிகேட்ட மாதா கோயில் ஆபீஸ்ல நானே கேட்டு வாங்குனேன். நானே கவர்ல போட்டு ஆபீசருக்கு அனுப்சேன். மொட்டக் கடுதாசியும் நான் எயுதுனதுதான்.

செங்கொடி: பைத்தியமாமே நீ? வாணாம்னா வாபஸ் வாங்க வேண்டிதானே?

நீலா: வாங்குனா வெல போயிட்டான்னு டோல்கேட் வரைக்கும் பேசுவானுங்க. கேளு… கட்சி மாவட்டச் செயலாளரு வூட்டுக்கு வந்தாரு. எலெக்சன் முடியற வரைக்கும் ஏசு படத்த எறக்குமான்னாரு. எறக்குனேன். கயுத்துல சிலுவைய கயட்டுன்னாரு. கயட்டுனேன். அப்பறம் எம்பொண்ண கூப்ட்டு, "யாருனா கேட்டா அப்பா மட்டும்தான் கோயிலுக்கு போவாரு, எங்கம்மா போவாதுன்னு சொல்லும்மா"ன்னாரு. அது என்னயே பாத்துகினு தலயாட்டுது செங்கொடி. பத்து வயசு. அன்னிக்கு வந்திச்சு பாரு கோவம்…

செங்கொடி: அந்தாள அப்பவே வெளிய போன்னு சொல்லிருக்கணும்.

நீலா: அவர் மேல மட்டுமா? அந்த சட்டம் என்ன பொய் சொல்ல வெச்சிது. சரி, அப்ப எயுத்துல குடு. நீ சேரியில பொறந்தவதான், ஆனா கும்புட்ட சாமி சரியில்லன்னு கையெயுத்து போட்டுக் குடு. வாங்கிட்டேன். தோ கீது ஆர்டரு. கோர்ட்டுக்கு போறேன்.

செங்கொடி: என்கிட்ட ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?

நீலா: சொன்னா உட்ருப்பியா? நீ பின்னாடி கீறன்ற தெகிரியத்துலதான்மே செஞ்சேன். நான் போனாலும் சீட்டு எங்கியும் போவாது, சாம்பல் லாரி உள்ள வராதுன்னு. …ஏய், இன்னாத்துக்கு அயுவுற? செங்கொடி? இன்னாடி ஆச்சு?

செங்கொடி: ரெண்டே முக்காலுக்கு நான் போயி வாபஸ் வாங்கிட்டேன், நீலா. கட்சியில ஒருத்தருக்கும் சொல்லல. உன்ன தள்ளுன எடத்துல நான் போயி நின்னா நாக்க புடுங்கிகினு சாவலாம்னு தோணிச்சு… அத்த சொல்லத்தான்மே ஓடியாந்தேன்.