எலியேசர் போதகருக்கு அடிக்காத மணி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் றிம்ஸான் அவர்களே, துணைவர் எலியேசர் போதகரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி வினோஜா அவர்களே, ஜெபவீட்டுச் சபையாரே, என் கோயில் சனங்களே, பள்ளிவாசல் பெரியோர்களே! எங்கள் கோயில் திருநாள் கூட்டத்துக்குக்கூட இந்த மண்டபத்தில் இத்தனை கதிரை போட்டதில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்: அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கோயில் மூப்பர் கஸ்மீர் அழுவதற்கு வந்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். அழவும்தான் வந்தேன். அதற்கு முன் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும்.

பதினான்கு வருடத்துக்கு முன் போதகர் எலியேசர் இந்தக் கரைக்கு ஒரு கிற்றாருடனும் ஜெபவீட்டுக் கூரைக்கு எட்டுத் தகரத்துடனும் வந்தார். நான் சிரித்தேன். தலவில கோயில் திருநாள் முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார் என்றேன். கட்டினாரா? அடுத்த திருநாளுக்குள் என் கோயில் வாங்கில் மூன்று வரிசை காலி!

எங்கள் கோயில் யூஜினி அக்கா காய்ச்சலில் கிடந்தபோது, ஞாயிறு பூசை முடிய எட்டிப் பார்க்கலாம் என்றிருந்தேன். அவரோ வெள்ளிக்கிழமையே அவளை ஓட்டோவில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து நான் ஓடத் தொடங்கினேன். எந்த வீட்டில் நோய் என்று கேட்டாலும் செருப்பைத் தேடாமல் ஓடினேன். போய்ச் சேர்ந்தால் வாசலில் அவருடைய சைக்கிள் நிற்கும். அந்தச் சைக்கிளை நான் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?

வீட்டிலாவது நிம்மதி இருந்ததா? என் மனைவி அல்பொன்சா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க செபம் சொல்லக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போற அவசரம் தெரியுது. அந்த மனுசன் வந்தா இருந்து கதைக்கிறார்." நான் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

இதே மண்டபத்தில் போன வருடம் ஒரு விவாதம் வைத்தார்கள். சபைகள் பலவாக இருப்பது திருச்சபையின் ஒற்றுமைக்கு நல்லதா, கேடா? கேடு என்று நான் அரை மணித்தியாலம் முழங்கினேன். ஒரே மந்தையைப் பிரிக்கிறவன் ஆண்டவருடைய உடலையே பிரிக்கிறான் என்றேன். அவர் எழும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மூப்பர், நான் இஞ்ச வராம இருந்திருந்தா நீங்க இத்தனை வீட்டுக்கு ஓடியிருப்பீங்களா?" மண்டபமே சிரித்தது. என் சனங்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தைத்தான் அவருடைய அடக்க நாள்வரை வைத்திருந்தேன்.

நம் கரை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரேதம் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது கோயில் மணி அடிக்கும். களப்பில் நிற்கிற படகெல்லாம் என்ஜினை நிற்பாட்டும். வர வேண்டியவர்கள் கரைக்குத் திரும்புவார்கள். சகோதரி வினோஜா என் வாசலுக்கு வந்து கேட்டார்: "உங்கட மணியிலதான் அவர் விடிய எழும்புறவர், மூப்பர். போகக்குள்ள ஒருக்கா அடிப்பீங்களா?" வேறு சபைக்காரருக்கு அடிக்க ஃபாதருடைய அனுமதி இல்லை என்றேன்.

சகோதரி, அது பொய். நான் ஃபாதரிடம் கேட்கவே இல்லை.

களப்பு வீதியால் அவருடைய பெட்டி போனது. மணி இல்லை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர்களின் படகுகள் பக்கத்திலேயே இரைந்துகொண்டு போயின. அன்று பின்னேரம் றிம்ஸான் ஈரச் சாரத்தோடு கோயில் வாசலில் வந்து நின்றார். "மணி அடிச்சா வந்திரலாம் எண்டுதானே மூப்பர் வலைய எடுக்கப் போனேன். எங்கட வாப்பா காலத்திலயிருந்து நாங்க உங்கட மணிக்குத்தான் படகத் திருப்புற. மண் போட்டு முடிஞ்சிட்டுதாமே?" என்றார். அந்த முஸ்லிம் மனிதர் அழுதார். மணி என் கோயிலுடையது மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சபைகள் பலவாக இருப்பது கேடா? அவர் வந்ததால் நான் ஓடப் பழகினேன், அது நன்மை. அதே பொறாமையால் ஒரு நல்ல மனிதரைச் சத்தமில்லாமல் அனுப்பினேன், அது கேடு. இரண்டையும் செய்தது எலியேசரா? இல்லை, நான்!

நேற்று ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்டைக்கே கேட்டிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். இனி இந்தக் கரையில் யார் இறந்தாலும், எந்தச் சபை என்று கேளாமல், மணி அடிக்கும். அவர் போய்வந்த வீடுகளுக்கு நான் போவேன். போய், இருந்து கதைப்பேன். இது என் வாக்கு.

இந்தக் கூட்டம் கலைந்ததும் மணிக்கயிற்றைப் பிடிக்கப் போகிறேன். றிம்ஸான், உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள், என்ஜினை நிற்பாட்டட்டும்.

போதகர் எலியேசர் அவர்களே! எல்லா வீட்டுக்கும் நீங்கள்தான் எனக்கு முன்னால் போனீர்கள். இந்த மணி ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதிலும் பிந்திவிட்டேன், ஐயா.